தவிட்டுக்கு வாங்கிய தேன்மொழி

கல்பாக்கம் குவார்ட்டர்ஸ்
20-8-1974

அன்புள்ள அண்ணிக்கு, ரத்னா வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள், சீனுவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர்தான் தினமும் செங்கல்பட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்து போகிறாரே.

உங்கள் தம்பிக்கு வேலை ஏறிக்கொண்டே போகிறது. புராஜெக்டில் எந்தச் சுவர் எழுப்பினாலும் அதன் வரைபடம் இவர் மேசைக்குத்தான் வருகிறதாம். வீட்டுக்கு வர நேரமாகிறது. கேட்டால் ஓவர்டைம் என்கிறார்.

தேன்மொழி நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருக்கிறார்கள், அதனால் வீட்டோடுதான் இருக்கிறாள். ஆடிக்கு அங்கே வர முடியாமல் போனதற்குத் தப்பாக நினைக்க வேண்டாம். தீபாவளிக்கும் வர முடியுமா என்று தெரியவில்லை. நீங்களும் இந்த வெயிலில் பஸ் ஏறி அலைய வேண்டாம். முட்டிக்கு ஆகாது.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

உங்கள் அன்புள்ள
ரத்னா

*

செங்கல்பட்டு
24-8-1974

ரத்னா,

உன் லெட்டர் வந்து சேர்ந்தது. நான் சௌக்கியம், முட்டி சௌக்கியமில்லை. இருந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்தேதான் ஆபீசுக்குப் போய் வருகிறோம்.

எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலடி ஆகஸ்டு மாசக் கடைசியில் லீவு விடுகிறார்கள்? நான் வக்கீல் வாசுதேவன் ஆபீசில் டைப் அடிப்பவள். பொய்ச் சாட்சி சொல்ல வருகிறவன் எப்படி உட்காருவான், எங்கே எச்சில் விழுங்குவான் என்று பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். உனக்கு அந்த வித்தை வராது. விட்டுவிடு.

சீனு வாயைக் கிளறினேன். "தேன்மொழி பள்ளிக்கூடத்துல யாரையோ கடிச்சுட்டுதாம்கா" என்று சொல்லிவிட்டு, "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்று கையைப் பிசைந்தான். சொல்லிவிட்டேன், என்ன செய்துவிடுவான்?

நம் அரசு அவளுக்கு ஆசை ஆசையாகத் தேன்மொழி என்று பேர் வைத்தான். தேனைக் காணோம், கொட்டுகிறதுதான் தெரிகிறது. இதை நான் சொல்லலாம். வேறு எவளாவது சொன்னால் நாக்கை அறுத்துவிடுவேன். எங்கள் அப்பா அம்மா போன பிறகு அந்தப் பயலை வளர்த்தது நான். அவன் பெற்ற பொண்ணு எனக்கு என்ன வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டுமா?

நடந்ததை நடந்தபடி எழுது. வெயிலைப் பற்றி எழுதாதே. வெயில் இங்கேயும் இருக்கிறது.

கோபமாக,
உன் நாத்தனார் பிரபாவதி

*

கல்பாக்கம்
17-9-1974

அன்புள்ள அண்ணிக்கு, ரத்னா எழுதுவது. உங்கள் உடம்பும் முட்டியும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

அன்று பிரேயருக்கு வரிசையில் நிற்கச் சொல்லி டீச்சர் இவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். இவள் அந்தக் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்து ரத்தம். பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணுக்கு வேற இடம் பாருங்கம்மா" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் அதிகமாக அழுகை வந்தது.

வீட்டிலும் அப்படித்தான் அண்ணி. தலை வாரினால் கத்துகிறாள். தட்டை யாராவது தொட்டுவிட்டால் சோற்றோடு வீசுகிறாள். எதற்குக் கத்துகிறாள் என்றே தெரியாமலும் கத்துகிறாள். ஆனால் படு சூட்டிகை. காலண்டரைப் பார்த்துக் கிழமை சொல்கிறாள். முனியம்மா கொண்டு வரும் மீனில் பெரியது சின்னது பார்த்து அடுக்கி வைக்கிறாள். டாக்டர் பார்த்தார். காது, கண் எல்லாம் சரியாக இருக்கிறதாம், வளர்ந்தால் சரியாகிவிடுமாம். இன்னொருவர் ஒரு சிரப் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டுப் பகலெல்லாம் துவண்டு கிடந்தாள். பயந்துபோய் வாசலில் ஊற்றிவிட்டேன்.

எதிர்வீட்டு சாந்தா தன் பிள்ளைகளை எங்கள் வாசல் பக்கம் விடுவதில்லை. "வளர்ப்பு சரியில்லை" என்று தண்ணீர்க் குழாயடியில் சொன்னது என் காதில் விழுந்தது. விழட்டும் என்றே சொன்னாள். நான் என்ன தப்பு செய்தேன் அண்ணி? அதைத்தான் தினமும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தம்பியிடம் கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

நான் எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம். கை வலிக்கிறது, இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ரத்னா

*

செங்கல்பட்டு
30-9-1974

ரத்னாவுக்கு,

நேற்று உங்கள் வீட்டிலிருந்து கிளம்பி நல்லபடியாக வந்து சேர்ந்தேன். முழங்காலில் சொம்பு பட்ட இடம் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. குறி தப்பாமல் எறிகிறாள், கெட்டிக்காரி.

நீ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாய். பாதி பார்த்திருக்க மாட்டாய். அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன். ஆபீஸ் புத்தி, பதிவு பண்ணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சொம்பு வந்து விழுந்தபோது மீன் கூடையோடு முனியம்மா வாசலில் நின்றாள். "இன்னாம்மா இது, கொயந்த இப்டி கத்துது? தவுட்டுக்கு வித்துடும்மா. எம் மூணாவது கூட இப்டித்தான் ஆடிக்கினு இருந்துச்சு. எங்க நாத்தனாருக்கு வித்தேன். இப்போ ஜம்முனு கீது" என்றாள். அரசு சிரித்தான். "அணு உலை கட்டுற ஊர்ல தவுடா?" என்றான். அவள் விடுவாளா? "அணு ஒலையில புள்ள வளக்கச் சொல்லித் தராங்களா சார்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் நான், "நானே வாங்கிக்கறேன்டா" என்றேன். அவன் பேப்பரை விரித்துக்கொண்டே, "வேணும்னா வாங்கிக்கோ போக்கா" என்றான். அதை நீயும் கேட்டாய், முனியம்மாவும் கேட்டாள். பால்காரர் வீட்டிலிருந்து ஒரு முறம் தவிடு அவளே வாங்கி வந்து கொடுத்தாள். நான் அதை உன் மடியில் கொட்டினேன். வழக்கப்படி நீ சொன்னாய்: "எனக்கு இவ வேணாம். நீங்களே வெச்சுக்கோங்க."

ரத்னா, அது சடங்குக்காகச் சொன்ன மாதிரி இல்லை. உள்ளே எங்கேயோ இருந்து வந்தது. பரவாயில்லை. யாரும் உன்னைத் தூக்கில் போட மாட்டார்கள்.

நான் அவள் கையைப் பிடித்து வாங்கிக்கொண்டபோது, மணிக்கட்டைச் சுற்றி ஒரு தடம் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

இனி அவள் என் பொண்ணு. எனக்கு ஆபீஸ் இருப்பதால் உன் வீட்டில் விட்டு வைத்திருக்கிறேன். அடுத்தவள் பிள்ளை, பத்திரமாகப் பார்த்துக்கொள். யாராவது புகார் சொன்னால் என் விலாசத்தைக் கொடு.

சொந்தக்காரி என்ற திமிரோடு,
பிரபாவதி

*

கல்பாக்கம்
21-10-1974

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் பொண்ணு சௌக்கியம். நானும் அவரும் சௌக்கியம். முழங்கால் காயம் ஆறியதா?

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் சிரிப்பீர்கள். சாந்தா வந்து, "உங்க பொண்ணு என் ரோஜாத் தொட்டிய ஒடைச்சிட்டா" என்று கத்தினாள். எப்போதும் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்பேன். அன்றைக்கு என் வாயில், "அது என் நாத்தனார் பொண்ணுங்க, அவங்களுக்கு எழுதறேன்" என்று வந்துவிட்டது. அவள் திறந்த வாயை மூடாமல் அப்படியே போனாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன் அண்ணி. எத்தனை மாதமாயிற்று நான் சிரித்து!

போன வாரம் புது ஃபிராக்கைக் கிழித்துவிட்டாள். கை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கை இறங்கவில்லை. அண்ணியின் பொண்ணாயிற்றே, நாளைக்கு வந்து கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்று மனசில் ஓடியது. விருந்தாளி வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, "ஏம்மா கிழிச்சே?" என்று கேட்டேன். "குத்துது" என்றாள். கழுத்தைப் பார்த்தால் லேஸ் உரசிய இடமெல்லாம் சிவந்து கிடக்கிறது. இத்தனை வருஷமாக "ஏன் கிழிச்சே, ஏன் கிழிச்சே" என்று கத்தியிருக்கிறேன். ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

இப்போது கேட்கிறேன். எல்லாவற்றுக்கும் பதில் வருவதில்லை. கத்துவதும் நிற்கவில்லை. நேற்றுகூட ஒரு டம்ளர் நசுங்கியது. ஆனால் கத்தி முடித்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்கிறாள். முன்பெல்லாம் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள்.

"நான் யாரு பொண்ணு?" என்று கேட்டாள். "அத்தை பொண்ணு" என்றேன். வீடெல்லாம் "அத்த பொண்ணு, அத்த பொண்ணு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். உங்கள் தம்பி அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உங்கள் பொண்ணைப் பார்த்துக்கொள்ளும்
ரத்னா

*

செங்கல்பட்டு
29-10-1974

ரத்னா,

சௌக்கியம், சௌக்கியம், சௌக்கியம். உன் லெட்டரை ஆபீசுக்கும் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வக்கீல் ஐயா, "என்னம்மா, தனியா சிரிக்கிற?" என்று கேட்டார். "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா சார்" என்றேன். மனுஷன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கல்யாணமே ஆகாதவள் இப்படிச் சொன்னால் பாவம் அவர்தான் என்ன செய்வார்!

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சும்மாவா சொன்னார்கள்? உனக்கு ஊரார் பிள்ளையும் அவளே, தன் பிள்ளையும் அவளே. ஒரே சோறு போதும்.

என் பழைய வாயில் துணிப் புடவையைக் கிழித்து இரண்டு பாவாடை சட்டை தைத்திருக்கிறேன். லேஸ் இல்லை, ஊக்கு இல்லை. தையலை வெளிப்பக்கம் விட்டிருக்கிறேன். பார்க்கிறவள் "உள்ளே வெளியே மாத்திப் போட்டிருக்கு" என்பாள். சொல்லட்டும், குத்தப்போவது அவளையா?

தீபாவளி வருகிறது. வெடிச் சத்தம் அவளுக்கு ஆகாதே என்றுதான் கவலை. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள்.

பொண்ணைப் பெற்றவளே, உன் கை வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை.

பிரபாவதி

*

கல்பாக்கம்
20-11-1974

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். பாவாடை சட்டை வந்தது. அதைத் தவிர வேறெதையும் போட மாட்டேன் என்கிறாள். ஒன்றைத் துவைத்துப் போட்டுவிட்டு மற்றதை மாட்டுகிறேன்.

தீபாவளி அன்று கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தோம். சாந்தா வீட்டுப் பிள்ளைகள் எங்கள் ஜன்னலுக்கு அடியிலேயே வெடி வைத்தார்கள். இவள் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு ஓடி, கல்லை எடுத்து அவர்கள் ஜன்னலில் அடித்தாள். கண்ணாடி உடைந்து சாந்தாவின் சின்னப் பையனுக்கு நெற்றியில் தையல். பிளாக்கே எங்கள் வாசலில் நின்றது. "நாத்தனார் பொண்ணு" என்று இந்தத் தரம் என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் குழந்தையின் நெற்றியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

உங்கள் தம்பி ஜூலையிலேயே மெட்ராசில் ஓர் இல்லத்துக்கு மனுப் போட்டிருந்தாராம். இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். ஜனவரியில் இடம் இருக்கிறது என்று பதில் வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு தரம் வீட்டுக்குக் கூட்டி வரலாமாம்.

உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன்.

ரத்னா

*

செங்கல்பட்டு
18-12-1974

அரசு,

இது உனக்கு. ரத்னாவைத் திட்டாதே. அவள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். உன் உடம்பு சௌக்கியமா என்று கேட்கிற அளவுக்கு இன்று எனக்குப் பொறுமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், சௌக்கியமா?

இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்றால், மெட்ராஸ் போனேன். நீ மனுப் போட்ட இடத்தை என் கண்ணால் பார்க்காமல் உன்னோடு சண்டை போடக் கூடாது என்று லீவு கிடைக்கும்வரை காத்திருந்தேன். நல்ல இடம், பொய் சொல்ல மாட்டேன். தரை சுத்தம், சாப்பாடு சுத்தம். பார்த்துக்கொள்கிற அம்மா மரியாதையாகப் பேசினார். தேன்மொழி வயசுப் பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஓரமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளைகூட என்னிடம் வந்து "நீ யாரு?" என்று கேட்கவில்லை. இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

இப்போது சட்டம் பேசுவோம். சென்ற செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் சொந்த வீட்டில், சுயபுத்தியோடும் மனப்பூர்வமான சம்மதத்தோடும், எவருடைய தூண்டுதலும் இல்லாமல், சாட்சி முன்னிலையில் நீ எனக்கு ஒரு பொண்ணை விற்றாய். விலையை உன் பெண்டாட்டி மடியில் வாங்கிக்கொண்டாள். இனி அதில் உனக்கோ உன் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியதையும் கிடையாது. விற்ற நிலத்தில் வேலி போட வருகிறவனைக் கோர்ட்டில் என்ன சொல்வார்கள் தெரியுமா? அதை உன்னிடம் சொன்னால் என் வாய் நாறும்.

தவிட்டை நீ நம்பவில்லை, எனக்குத் தெரியும். நானும் நம்பவில்லையடா. ஆனால் அன்றைக்கு ரத்னாவின் தோளிலிருந்து ஏதோ ஒன்று இறங்கியதைப் பார்த்தேன். அதை நம்புகிறேன்.

என் பொண்ணை எங்கேயும் அனுப்ப எனக்குச் சம்மதம் இல்லை.

அக்கா

*

கல்பாக்கம்
27-12-1974

அன்புள்ள அக்காவுக்கு, அரசு எழுதுவது. நலம். உன் நலம் அறிய விருப்பம்.

உன் கடிதத்தைப் படித்தேன். சடங்கு வேறு, வாழ்க்கை வேறு. நீ எப்போதாவது ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறாய். ரத்னாவின் முழங்கைக்கு மேலே ஜாக்கெட் மறைக்கிற இடத்தில் எத்தனை பல் தடம் என்று உனக்குத் தெரியாது.

ஜூலை மாதம் ஒரு நாள் மத்தியானம், மறந்துபோன ஸ்கேலை எடுக்க வீட்டுக்கு வந்தேன். ஜன்னல் கம்பியில் பழைய புடவைத் துண்டு கட்டியிருந்தது. மறுமுனை யார் கையில் என்று நான் எழுத வேண்டியதில்லை. ரத்னா சமையலறைத் தரையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் முடிச்சை அவிழ்த்தேன். அன்றைக்குத்தான் மனு எழுதினேன்.

ரத்னா ஓர் எறும்பைக்கூட நசுக்காதவள், உனக்கே தெரியும். அவள் கையால் அப்படி ஒரு முடிச்சு இன்னொரு தரம் விழக் கூடாது. அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் வீட்டுக்கு நேரம் கழித்து வருகிறேன். தவிட்டுக்குப் பிறகு அப்படி எதுவும் நடக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தீபாவளிக்குப் பிறகு மறுபடியும் அந்தப் பயம் வந்துவிட்டது. பொண்ணை அனுப்பினால் பெண்டாட்டியாவது மிஞ்சுவாள். இதைக் கல் நெஞ்சம் என்று நீ சொன்னால் சொல்லிக்கொள்.

ஜனவரி பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன் தம்பி
திருநாவுக்கரசு

*

கல்பாக்கம்
12-1-1975

அன்புள்ள அண்ணிக்கு, ரத்னா எழுதுவது.

எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் மூன்று பேரும். முதலில் அதைப் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் நீங்கள் தைத்த சட்டையைப் போட்டு அவரோடு அனுப்பினேன். "நீ வந்தா அவ உன்ன விட்டு வரமாட்டா" என்று என்னை வர வேண்டாம் என்றுவிட்டார். பஸ் போன பிறகு வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் என்று நினைவில்லை. அடுப்பு பற்ற வைக்கவில்லை. முனியம்மா வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கூடையில் மீன் அப்படியே கிடந்தது. சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவரும் தேனும் நின்றார்கள். அவர் வலது கையில் கைக்குட்டை கட்டியிருந்தது.

நடந்ததை அவரே சொன்னார். எனக்குக் கல்யாணமாகி அவர் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை.

மாமல்லபுரம் தாண்டித் திருப்போரூர் வரை சும்மா வந்திருக்கிறாள். கேளம்பாக்கத்தில் உப்பளத்து ஆட்கள் கூட்டமாக ஏறியிருக்கிறார்கள். யாரோ ஓர் ஆள் நகர்ந்து உட்காரச் சொல்லித் தலையைத் தொட்டிருக்கிறார். அவ்வளவுதான். கத்தலும் உதையும். இவர் பிடிக்கப் போனதும், "விடு! நான் அத்த பொண்ணு! உன் பொண்ணு இல்ல!" என்று கத்தியிருக்கிறாள்.

பஸ்ஸே எழுந்து நின்றதாம் அண்ணி. "புள்ள புடிக்கிறவன்யா! போலீசாண்ட குடு!" என்று ஒருவன் இவர் சட்டையைப் பிடித்தான். படூர் தாண்டி ஒன்றுமில்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். "யார் வூட்டுப் பொண்ணுய்யா இது? சொல்லு" என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார். இவர் "எம் பொண்ணு" என்றார். "அதுவே இல்லன்னு சொல்லுது?" "எம் பொண்ணுதாங்க. நான் பெத்த பொண்ணு" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அத்தனை பேருக்கு முன்னால், அத்தனை சத்தமாக. இந்தக் காலனியில் ஒரு தரம்கூட இவர் அப்படிச் சொன்னதில்லை.

அதற்குள் இவள் அவர் கையைக் கடித்துவிட்டாள். என்னைக் கடிப்பது மாதிரி, விடாமல். அவர் கையை இழுக்கவில்லையாம். மற்றக் கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றிருக்கிறார். அப்போது உப்பு வாருகிற அம்மாள் ஒருத்தி, "அடப் போங்கய்யா! ரத்தம் வருது, கைய இஸ்துக்காம நிக்கிறான் பாரு. பெத்தவன் இல்லாம வேற எவன்யா இப்டி நிப்பான்? சட்டைய வுடுங்க" என்றாளாம்.

சட்டையை விட்டார்கள். ஆனால் பஸ்ஸில் இருக்க வேண்டாம் என்று இறக்கியும் விட்டார்கள். ரோட்டோரம் அவள் கத்தி முடிக்கிறவரை பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தாராம். முடிந்ததும், "ஏம்மா கத்தினே?" என்று கேட்டாராம். நான் கேட்பதைப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. "தலைய தொட்டாங்க. நாத்தம் அடிச்சுது. நீ என்ன எங்கியோ விட்டுட்டுப் போகப்போற" என்றாளாம். யாரும் அவளிடம் சொல்லவில்லை அண்ணி. அவளாகவே தெரிந்துகொண்டிருக்கிறாள். இவர் எழுந்து ரோட்டின் அந்தப் பக்கம் போய், திரும்பி வருகிற பஸ்ஸுக்குக் கை காட்டியிருக்கிறார்.

கையைக் கழுவி மருந்து போட்டேன். அப்போது என் ஜாக்கெட் கையை மேலே தள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு தழும்பாகத் தொட்டுப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். தேன் எங்கள் எதிரில் உட்கார்ந்து முனியம்மாவின் மீனைப் பெரியது சின்னது பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்கு என்ன செய்கிறீர்கள்? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ரத்னா

*

செங்கல்பட்டு
16-1-1975

ரத்னா,

தண்ணீர் குடிக்காமல் படித்துவிட்டேன். புரை ஏறியது தண்ணீரால் இல்லை.

"நான் பெத்த பொண்ணு" என்று அத்தனை பேருக்கு முன்னால் சொன்னானா? தவிட்டுக்கு விற்றவன் அப்படிச் சொல்லக் கூடாது. வழக்கம் தெரியாதவன். சொந்தக்காரியைக் கேட்காமல் சொன்னதற்கு அவன் காதைத் திருக வேண்டும். திருகிவிட்டு அந்தக் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் போல இருக்கிறது.

திருப்பி வேண்டுமென்றால் பெற்றவன் வாங்கினவள் வாசலுக்கு வந்து கேட்க வேண்டும். அதுதான் முறை. கேட்டால் உடனே கொடுப்பேன் என்று நினைக்காதே. ஆபீசில் எல்லாரும் "உங்க பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்கிறார்கள். நானும் பதில் சொல்லிப் பழகிவிட்டேன். இனி என்ன சொல்வது என்று தெரியவில்லை. அது என் கவலை, நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

இனிமேல் சனிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் அங்கே பஸ் ஏறி வந்துவிடுகிறேன். ஞாயிறு முழுக்க அவளை நான் பார்த்துக்கொள்வேன். நீ காலை நீட்டித் தூங்கு. சமைக்காதே, துவைக்காதே, கதவைத் தட்டினால் எழுந்திருக்காதே. சொம்பெல்லாம் என் பக்கம் எறியட்டும்.

சாந்தாவின் பையனுக்கு நெற்றி ஆறிவிட்டதா? அவனுக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டு வருகிறேன். சண்டை வேறு, பிள்ளை வேறு.

பிரபாவதி

*

கல்பாக்கம்
21-1-1975

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கைக் காயம் ஆறி வருகிறது. இடது கையால் கோடு போடப் பார்த்தேன், வரவில்லை.

உன் முட்டியை வைத்துக்கொண்டு நீ பஸ் ஏற வேண்டாம். இந்த ஞாயிறு நாங்களே வருகிறோம். முறைப்படி உன் வாசலில் நின்று கேட்கச் சொல்லியிருக்கிறாயாம், கேட்கிறேன். ஆனால் முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிடாதே அக்கா. என்னாலும் ரத்னாவாலும் மட்டும் முடியாது. இதை இத்தனை நாள் யாரிடமும் நான் சொன்னதில்லை. மூன்று பேருமாக வைத்துக்கொள்வோம். ஆபீசில் கேட்டால் பொண்ணு நன்றாக இருக்கிறாள் என்றே சொல்.

காலையில் கிளம்புகிறோம். திருக்கழுக்குன்றம் வழியாகத்தான் வருவோம். பஸ்ஸில் கத்துவாள், கத்தட்டும். பாதி வழியில் இறக்கிவிட்டால் நடந்து வருவோம். நேரமானால் பயந்துகொண்டு வாசலில் நிற்காதே. சோற்றை மட்டும் மூடி வை.

அரசு